முதுசமா, தேடிய தேட்டமா?

யாழ்ப்பாணத்துத் தேசவழமையை 1707இல் ஒல்லாந்தருக்காக எழுத்தில் தொகுத்தவர் கிளாஸ் ஐசாக்ஸ் என்ற அதிகாரி. ஒரு குடும்பத்தின் சொத்து அதில் மூன்று பெயர்களால் பிரிக்கப்பட்டிருக்கிறது. முன்னோர் வழியாக வந்தது முதுசம். பெண்ணுக்குக் கொடுத்தது சீதனம். கணவனும் மனைவியும் சேர்ந்து உழைத்துச் சேர்த்தது தேடிய தேட்டம். ஐசாக்ஸ் இந்தச் சொற்களைப் புதிதாக உண்டாக்கவில்லை. ஊரில் புழங்கியதை எழுதிவைத்தார். கையில் இருப்பதெல்லாம் ஒரே விதமாக நம்முடையது ஆகிவிடாது என்ற எண்ணம் இந்தப் பிரிவுக்குள் இருக்கிறது. உழைத்து வாங்கிய காணியை ஒருவர் விற்றுக் கடன் அடைத்தால் அது அவர் பாடு. பாட்டன் வழி வந்த காணியை விற்கப் புறப்பட்டால் உரித்தாளருக்கும் பங்காளிகளுக்கும் முதலில் அறிவிக்கவேண்டும். வாங்கும் முதல் உரிமையும் அவர்களுக்கே.

இந்தப் பழைய பிரிவை வைத்து நான் கேட்க விரும்புவது இன்றைய கேள்வி ஒன்றை. ஒரு நகரசபையின் கையில், அல்லது நகரசபைகள் சேர்ந்து நடத்தும் ஓர் அமைப்பின் கையில், காடும் சதுப்பும் ஆற்றுப் பள்ளத்தாக்கும் இருக்கின்றன. பாதுகாப்பதற்கென்றே ஒரு காலத்தில் பொதுப்பணத்தில் பெறப்பட்ட காணி அது. இன்று பதவியில் இருக்கும் சபைக்கு அது தேடிய தேட்டமா, முதுசமா? அதை விற்க அந்தச் சபைக்குச் சட்டப்படி அதிகாரம் இருக்கலாம். உரிமை இருக்கிறதா?

நான் வாழும் ஒன்ராறியோவில் இது ஏட்டுக் கேள்வி அல்ல. இங்கே அத்தகைய காணிகள் எப்படி வந்தன என்பதைச் சொன்னால்தான் அவற்றின் தன்மை விளங்கும்.

1954 ஒக்டோபர் 15ஆம் திகதி இரவு ஹேசல் சூறாவளி ரொறன்ரோவைத் தாக்கியது. ஒன்ராறியோவில் 81 பேர் இறந்தார்கள். ஹம்பர் ஆற்றங்கரையில் றேமோர் டிரைவ் என்ற ஒரே தெருவில் மட்டும் ஏறத்தாழ 35 பேரை வெள்ளம் கொண்டுபோனது. வெள்ளச் சமவெளியில் வீடு கட்ட விட்டதன் விலை அது. ஆற்றுப் படுகைகளைக் காக்கும் அமைப்புகளுக்கான சட்டம் 1946இலேயே இருந்தது. ஆனால் அந்த இரவுக்குப் பிறகுதான் பள்ளத்தாக்குகளைப் பொதுவில் வாங்கி, அங்கே இனி யாரும் குடியிருக்கக்கூடாது என்று வைக்கும் துணிவு வந்தது. 1957இல் இப்பகுதியின் நான்கு அமைப்புகள் ஒன்றாகி, ரொறன்ரோவுக்கும் சுற்றுவட்டாரத்துக்குமான ஒரே பாதுகாப்பு ஆணையம் உருவானது. அதன் சபையில் இருப்பவர்கள் பெரும்பாலும் நகரசபைகள் நியமிப்பவர்கள். நாம் இன்று நடக்கப்போகும் பள்ளத்தாக்குப் பாதைகள் பலவும் அப்படிப் பெறப்பட்ட காணிகளில் போகின்றவை. றேமோர் டிரைவில் வீடுகள் அடித்துச் செல்லப்பட்ட இடம் இன்று ஒரு பூங்கா.

ஆக, இந்தக் காணியை வாங்கியவர்கள் ஒரு மரணப் பாடத்துக்குப் பிறகு, தங்களுக்குப் பின்னால் வருபவர்களுக்காக வாங்கினார்கள். அவர்களில் பெரும்பாலோர் இன்று இல்லை. அந்தப் பின்னால் வருபவர்களில் 1983க்குப் பிறகு வந்திறங்கிய நாமும் அடக்கம். 2024 ஜூலை 16ஆம் திகதி ஏறத்தாழ 100 மில்லிமீற்றர் மழை கொட்டி, டொன் பள்ளத்தாக்கு நெடுஞ்சாலை ஆறாக மாறியபோது, தண்ணீருக்குப் போக அந்தப் பள்ளத்தாக்கு இருந்தது. அதில் தெருத் தெருவாக வீடுகள் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதை றேமோர் டிரைவ் ஏற்கெனவே சொல்லிவிட்டது.

விற்கலாம் என்பவர்களின் பக்கத்தையும் நேர்மையாகச் சொல்லவேண்டும். அவர்கள் எல்லோரும் பேராசைக்காரர் அல்லர். முதலாவது, வீடு. ஸ்காபரோவில் ஒரு பேஸ்மென்றில் இரண்டு பிள்ளைகளோடு இருக்கும் குடும்பத்திடம் போய்ச் சதுப்பு நிலத்துத் தவளைகளைப் பற்றிப் பேசுவது எளிதல்ல. இரண்டாவது, செலவு. காணி சும்மா கிடப்பதில்லை. வேலி, பாதை, பட்டுப்போன மரம், பொறுப்புக் காப்புறுதி என்று ஆண்டுதோறும் பணம் கேட்கிறது. சிறிய சபைகளுக்கு அது பாரம். மூன்றாவது, எல்லாக் காணியும் ஒரே தரமானதல்ல. நகரத்துக்குள் துண்டாகக் கிடக்கும் ஒரு பற்றையை விற்று, அந்தப் பணத்தில் பெரிய காடொன்றை வாங்கினால் இயற்கைக்கே லாபம். நான்காவது வாதம்தான் மிகவும் நாகரிகமானது: காணி யார் பெயரில் இருந்தால் என்ன, அதைக் கெடுக்கக்கூடாது என்ற நிபந்தனையை உறுதியிலேயே எழுதி விற்றுவிட்டால் போதாதா? தனியார் பராமரிப்பார்கள், சபைக்குச் செலவு மிஞ்சும், நிலமும் காப்பாற்றப்படும்.

இந்த நான்காவது வாதத்தை ஒன்ராறியோ உண்மையிலேயே பரீட்சித்துப் பார்த்தது. பிக்கறிங் நகரின் மேற்கே, ரூஜ் பூங்காவை ஒட்டி, ஏறத்தாழ 4,700 ஏக்கர் வளமான விவசாய நிலம் இருக்கிறது. டஃபின்ஸ் ரூஜ் விவசாயக் காப்பு நிலம் என்று அதற்குப் பெயர். 1970களில் சீற்றன் என்ற புதுநகரம் அமைக்கும் திட்டத்துக்காக மாகாண அரசு அதை விவசாயிகளிடமிருந்து சுவீகரித்தது. அந்தப் பக்கத்தில் நகரம் எழவில்லை. நிலம் பொதுச்சொத்தாகவே கிடந்தது. விவசாயிகள் தங்கள் நிலத்திலேயே குத்தகைக்காரர் ஆனார்கள். 1999ஐ அடுத்து வந்த ஆண்டுகளில் அரசு அதை விற்றது. பெரும்பாலும் அங்கே பயிரிட்டவர்களுக்கு, விவசாய நிலத்துக்குரிய விலையில், ஒரே ஒரு நிபந்தனையோடு: இது என்றைக்கும் விவசாயத்துக்கே. அந்த நிபந்தனை உறுதிகளில் பதியப்பட்டது. அதைக் காக்கும் பொறுப்பு பிக்கறிங் நகரசபையிடம் ஒப்படைக்கப்பட்டது.

'என்றைக்கும்' என்பது ஆறேழு ஆண்டுகள் நீடித்தது. காணிகளில் கணிசமானவை வீடு கட்டும் நிறுவனங்களின் கைக்குப் போயின. 2005இல் நகரசபை அந்த நிபந்தனைகளை விலக்கிக்கொள்ள முற்பட்டது. மாகாண அரசு அதே ஆண்டில் தனிச் சட்டம் ஒன்றை இயற்றி அவற்றைத் திரும்ப உயிர்ப்பித்தது. அந்த நிலம் கிறீன்பெல்ற் என்ற பசுமை வளையத்துக்குள்ளும் சேர்ந்தது. 2022 இறுதியில் டக் ஃபோர்ட் அரசு அந்தச் சட்டத்தை நீக்கியது. பசுமை வளையத்திலிருந்து எடுக்கப்பட்ட 15 இடங்களில், மொத்தம் ஏறத்தாழ 7,400 ஏக்கரில், மிகப் பெரிய துண்டு இதுதான். 2023 ஓகஸ்ட்டில் வெளிவந்த மாகாணக் கணக்காய்வாளரின் அறிக்கை, அந்த 15 இடங்களின் உரிமையாளர்களுக்கு 830 கோடி டொலருக்கு மேல் பெறுமதி கூடக்கூடும் என்றது. வீடமைப்பு அமைச்சர் பதவி விலகினார். செப்டெம்பரில் முதல்வர் முடிவைத் திரும்பப் பெற்றார். டிசம்பரில் பழைய பாதுகாப்பு சட்டமாகத் திரும்பி வந்தது.

கால் நூற்றாண்டுக்குள் ஒரே நிலத்தின் மேல் ஒரே வாக்குறுதி மூன்று முறை கொடுக்கப்பட்டு இரண்டு முறை பறிக்கப்பட்டிருக்கிறது. இதில் யார் நல்லவர், யார் கெட்டவர் என்ற விசாரணையை விட எனக்கு முக்கியமாகப் படுவது இதன் பொறிமுறை. விவசாய நிலமாக வாங்கிய ஏக்கருக்கு ஒரு விலை. வீடு கட்டலாம் என்று ஒரு கையெழுத்து விழுந்தால் அதே ஏக்கருக்குப் பல மடங்கு விலை. காணி தனியார் கைக்குப் போன நாளிலிருந்து அந்த விலை வித்தியாசம் அங்கே காத்துக்கொண்டிருக்கிறது. ஒவ்வொரு தேர்தலுக்குப் பிறகும் அது புதிய சபையின் கதவைத் தட்டும். காப்பவர்கள் ஒவ்வொரு முறையும் வெல்லவேண்டும். மாற்ற விரும்புபவர் ஒரே ஒரு முறை வென்றால் போதும், கொங்கிறீற் விழுந்துவிடும்.

பொதுவுடைமையும் முழுக் காப்பல்ல என்பது எனக்குத் தெரிகிறது. அரசே தன் காணியில் நெடுஞ்சாலை போடலாம், போட்டும் இருக்கிறது. 2022இன் 23ஆம் இலக்கச் சட்டமூலம், பாதுகாப்பு ஆணையங்கள் தங்கள் காணிகளில் வீடமைப்புக்கு ஏற்றவை எவை என்று அடையாளம் காணவேண்டும் என்றது. ஆயினும் அரசின் கையில் இருக்கும்வரை கேள்வி கேட்க ஓர் இடம் இருக்கிறது. சபைக் கூட்டத்துக்குப் போகலாம், வாக்களிக்கலாம். விற்ற பிறகு நாம் கேட்பது இன்னொருவரின் சொத்தைப் பற்றி. அவர் நட்டஈடு கேட்பார், அதில் நியாயமும் இருக்கும்.

வீட்டு வாதத்துக்குத் திரும்புகிறேன். குடிவரவு பெருகுகிறது, வீடுகள் போதாது என்பது அன்று அரசு சொன்ன காரணங்களில் ஒன்று. அதாவது, நம்மைப் போன்றவர்களின் பெயரால்தான் அந்த நிலம் கேட்கப்பட்டது. எடுக்கப்பட்ட நிலத்தில் குறைந்தது 50,000 வீடுகள் எழும் என்றார்கள். ஆனால் பத்து ஆண்டுகளில் 15 லட்சம் வீடுகள் வேண்டும் என்று சொன்ன, அதே அரசு நியமித்த குழு, 2022 பெப்ரவரி அறிக்கையில் பிரச்சினைக்குக் காரணம் நிலப் பற்றாக்குறை அல்ல என்றும் எழுதியிருந்தது. கட்டப்பட்ட நகரத்துக்குள்ளேயே இடம் இருக்கிறது. தனி வீடுகளை மட்டும் அனுமதிக்கும் வலய விதிகள்தான் தடை. இந்த விதிகளை மாற்றினால் வாக்காளர் கோபிப்பார்கள். காட்டுக்கு வாக்கு இல்லை. ஆகவே காட்டை விற்பது சபைக்கு எளிது. பேஸ்மென்றில் இருக்கும் அந்தக் குடும்பத்துக்கு நான் கடமைப்பட்டவன்தான். அந்தக் கடமையைத் தீர்க்கவேண்டிய இடம் முதலில் என்னுடைய தெரு. அங்கே நாலு மாடிக் கட்டடம் வருவதை எதிர்த்துக் கையெழுத்து வைத்துவிட்டு, ஏழைக்கு வீடு வேண்டும் என்று சதுப்பைக் கைகாட்டுவது நேர்மையாகாது.

சரி, ஒரு நாள் நிலம் உண்மையிலேயே போதாமல் போகிறது என்று வைத்துக்கொள்வோம். அப்போதும் விற்கக்கூடாதா? இங்கேதான் முதுசம் என்ற சொல் எனக்கு உதவுகிறது. முதுசக் காணியை விற்கவே முடியாது என்று தேசவழமை சொல்லவில்லை. யாருக்கு அறிவிக்கவேண்டும் என்று சொன்னது. பொதுக் காணியின் உரித்தாளர் யார்? இன்று இந்த ஊரில் வாழ்பவர்களோடு, நாளை பிறக்கப் போகிறவர்களும். பிறக்காத பிள்ளைக்கு அறிவித்தல் கொடுக்க வழி இல்லை. கூட்டத்துக்கு வரமுடியாத உரித்தாளரின் சொத்தை, கூட்டத்துக்கு வந்தவர்கள் மட்டும் கைதூக்கி விற்பது முறையா?

நீதிமன்றங்கள் இந்த இடத்தை வேறு வழியாக வந்தடைந்திருக்கின்றன. 1869இல் இலினோய் மாநிலச் சட்டசபை, சிக்காகோவில் மிச்சிகன் ஏரியின் அடித்தளத்தில் ஆயிரம் ஏக்கருக்கு மேல் ஒரு ரயில்வே நிறுவனத்துக்கு எழுதிக்கொடுத்தது. நான்கு ஆண்டுகளில் அந்தக் கொடையைத் திரும்பப் பெற்றது. வழக்கு அமெரிக்க உச்ச நீதிமன்றம் வரை போனது. 1892இல் வந்த தீர்ப்பின் சாரம்: அந்த ஏரி நிலத்தை அரசு மக்களுக்கான பொறுப்பாளராக வைத்திருக்கிறது; அந்தப் பொறுப்பை அப்படிக் கைகழுவ அதற்கு அதிகாரம் இல்லை. இங்கிலாந்தில் சூரூஸ்பரி நகரசபை 2017இல் ஒரு பொது விளையாட்டுத் திடலின் பகுதியை வீடு கட்டும் நிறுவனத்துக்கு விற்றது. சட்டம் கேட்டபடி உள்ளூர்ப் பத்திரிகையில் முன்கூட்டி அறிவித்தல் போடவில்லை. 2023இல் பிரித்தானிய உச்ச நீதிமன்றம், காணி கைமாறினாலும் அதன் மேல் பொதுமக்களுக்கு இருந்த உரிமை அழியவில்லை என்று தீர்ப்பளித்தது. அது பாதுகாப்புக் காணி அல்ல, பொழுதுபோக்குத் திடல். ஆனாலும் அறிவிக்காமல் விற்றவரிடம் வாங்கியவருக்கு முழு உரிமை வராது என்பதை நம் பாட்டன்மாரும் ஒப்புக்கொண்டிருப்பார்கள்.

இதற்கு எதிராக ஒரு வலுவான கேள்வி உண்டு. எல்லா முடிவுகளும் வருங்காலத்தைக் கட்டுப்படுத்துகின்றனவே? பள்ளிக்கூடம் கட்டுவதும், கடன் வாங்குவதும், ஒரு காட்டை என்றைக்கும் காடாக வைப்பதும் கூடத்தான். உண்மை. ஆனால் இவை ஒரே அளவானவை அல்ல. காட்டைக் காடாக விட்டால், நாளைய சபை வேறு முடிவு எடுக்கலாம். இன்றைக்கு விற்று வீடு கட்டினால், நாளைய சபை காட்டைத் திரும்ப வாங்க முடியாது. நாலு ஆண்டுக்குத் தேர்ந்தெடுக்கப்பட்ட ஒருவர் நானூறு ஆண்டுக்கான முடிவை எடுக்கும்போது, அவருடைய அதிகாரம் அவருக்குக் கொடுக்கப்பட்ட அளவை மீறிவிடுகிறது. அவர் அந்தக் காணியைப் பயன்படுத்தலாம், திறந்துவிடலாம், விவசாயத்துக்குக் குத்தகைக்குக் கொடுக்கலாம். முடித்துவைக்க முடியாது. ஆண்டுச் செலவுக்கும் இதே பதில்தான். வருமானம் குறைந்த ஆண்டில் முதுசத்தை விற்று அரிசி வாங்கிய குடும்பம், அடுத்த ஆண்டு எதை விற்கும்?

இப்படி எழுதும்போது என் சொந்த மக்களின் அனுபவம் இடையில் வந்து மறிக்கிறது. அரச காணி என்ற சொல் ஈழத்தமிழர் காதில் நல்லதாக விழுவதில்லை. 2013இல் வலிகாமம் வடக்கில் 6,381 ஏக்கரைச் சுவீகரிக்கும் அறிவித்தல் ஒட்டப்பட்டபோதும் 'பொதுத் தேவை' என்றுதான் எழுதியிருந்தது. காடு, சரணாலயம் என்ற பெயர்களில் மக்கள் பயிர்செய்த காணிகள் எல்லைக்கல் போடப்படுவதையும் பார்த்திருக்கிறோம். அரசிடமே இருக்கட்டும் என்று எப்படி எளிதாகச் சொல்வது? பிக்கறிங் விவசாயிகளுக்கும் 1970களில் நடந்தது பறிப்புத்தான்.

ரூஜ் ஆற்றங்கரை அதற்கும் முன்னே இன்னொருவருடையது. 1780களில் அரைகுறையாகச் செய்த ஒப்பந்தமும், 1923இன் வில்லியம்ஸ் ஒப்பந்தங்களும் இந்த நிலத்து முதற்குடிகளிடமிருந்து பெரும் பரப்புகளை எடுத்துக்கொண்டன. 2018இல் கனடாவும் ஒன்ராறியோவும் 111 கோடி டொலர் கொடுத்து மன்னிப்பும் கேட்டன. அப்படியானால் நகரசபை முதுசம் என்று சொல்வது யாருடைய முதுசத்தை?

இந்தக் கேள்வி என் வாதத்தை உடைக்கவில்லை, திருத்துகிறது என்று நினைக்கிறேன். பறிக்கப்பட்ட காணிக்குப் பரிகாரம், பறிகொடுத்தவருக்கோ அவர் வழி வந்தவருக்கோ போகவேண்டும். கூடிய விலை கொடுப்பவருக்கு விற்பதால் பழைய அநீதி தீராது, புதிய அநீதி ஒன்று அதன்மேல் ஏறும். முதற்குடிகளிடம் திருப்பிக் கொடுப்பதும், அவர்களோடு சேர்ந்து நிர்வகிப்பதும் விற்பனை ஆகா. உண்மையான உரித்தாளரைத் தேடிப்போவதே அது. இன்னொரு பொது அமைப்பிடம், இன்னும் உறுதியான காப்புக்காகக் கைமாற்றுவதும் அப்படித்தான். நகரங்களும் பாதுகாப்பு ஆணையமும் மாகாணமும் வைத்திருந்த காணிகள் சேர்ந்து, இன்று ஏறத்தாழ 79 சதுர கிலோமீற்றர் பரப்பில் ரூஜ் தேசிய நகர்ப்புறப் பூங்காவாகி இருக்கின்றன. சிறு துண்டைக் கொடுத்துப் பெரிய துண்டைப் பெறும் பரிமாற்றத்துக்கும் இடம் உண்டு. ஆனால் முதலில் பெரியதைப் பெற்று, பிறகுதான் சிறியதைக் கொடுக்கவேண்டும். பணத்தை வாங்கிவிட்டு, பிறகு பார்ப்போம் என்ற பரிமாற்றத்தில் அந்தப் பிறகு பெரும்பாலும் வருவதில்லை.

ஆகவே என் பதில் இது. உள்ளூராட்சி அமைப்புகள் பாதுகாப்புக் காணியைச் சந்தையில் விற்கக்கூடாது. தவிர்க்கமுடியாத சந்தர்ப்பம் என்று ஒன்று வந்தால், ஒரு சபையின் சாதாரணப் பெரும்பான்மை அதற்குப் போதக்கூடாது. இரண்டு தேர்தல்களைக் கடந்து, இரண்டு வேறு சபைகள் அதே முடிவுக்கு வரவேண்டும். அவசரம் என்று சொல்பவர்களுக்கு அது தாமதமாகத் தோன்றும். பிறக்காதவருக்கு நாம் கொடுக்கக்கூடிய ஒரே அறிவித்தல் அந்தத் தாமதம்தான்.

தாமதத்தின் பயனுக்கு அதே பிக்கறிங்கிலேயே சாட்சி இருக்கிறது. மாகாணம் சீற்றனுக்காக நிலம் எடுத்த அதே காலத்தில், 1972இல், கனடிய மத்திய அரசு ஒரு விமான நிலையத்துக்காக அங்கே 18,600 ஏக்கரைச் சுவீகரிப்பதாக அறிவித்தது. விமான நிலையம் கட்டவும் இல்லை, காணியைச் சந்தையில் விற்கவும் இல்லை. பகுதி பகுதியாக ரூஜ் பூங்காவுக்கு நிலம் ஒதுக்கப்பட்டது. ஏறத்தாழ 8,700 ஏக்கர் எஞ்சியிருந்தது. 2025 ஜனவரியில் அரசு, அங்கே விமான நிலையம் இனி இல்லை என்றும், அந்தக் காணியின் பெரும்பகுதியைப் பூங்காக்களுக்குப் பொறுப்பான பார்க்ஸ் கனடாவிடம் கொடுக்க விரும்புவதாகவும் சொன்னது. 53 ஆண்டுகளாக ஆட்சிகள் மாறின, திட்டங்கள் வந்து போயின. அந்த நிலத்தில் பயிர் விளைந்துகொண்டிருந்தது. 1972இல் பிறந்திராதவர்கள் 2025இல் அதைப் பற்றிப் பேசினார்கள். பேசுவதற்குக் காணி அங்கே இருந்தது.